அந்த 1973 காணொளியை யாரும் வேகமாக ஓட்டிவிடவில்லை

கேள்வி இதுதான்: “ஃபோகஸ் என்ற டச்சுக் குழு 1973-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஹோகஸ் போகஸ்’ வாசிக்கும் காணொளி பார்த்தேன். அதை வேகப்படுத்தியிருக்கிறார்களா? நிஜமாகவே நேரடியாக வாசித்ததா? இவர்களுடைய வேறு எந்த மேடைப் பதிவுகளைப் பார்க்கலாம்? இப்போது அதே பெயரில் மேடை ஏறுகிறவர்கள் பழைய ஃபோகஸ்தானா?”

முதல் இரண்டுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகப்படுத்தவில்லை. நேரடியாக வாசித்ததுதான். அவர்கள் அன்றைக்கு அவ்வளவு வேகமாக வாசித்தார்கள், அவ்வளவுதான்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நாடாவை வேகமாக ஓட்டினால் தாளம் மட்டும் வேகமாகாது, சுருதியும் சேர்ந்து ஏறும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட்டினாலே சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் போய்விடும். குரல் கார்ட்டூன் எலி பேசுவதுபோல் ஆகிவிடும். அந்தக் காணொளியையும் 1971-ன் இசைத்தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கிட்டார் அதே ஏ மைனர் சுருதியில்தான் நிற்கிறது. சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கூட்டுவது இன்றைக்குக் கைபேசியிலேயே நடக்கும், ஆனால் அப்படிச் செய்திருந்தால் உடல் அசைவுகள் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்கன் என்ற விசைப்பலகை வாத்தியத்தை வாசித்துப் பாடும் வான் லேர் தலையைத் திருப்புவது, கிட்டார் கலைஞர் அக்கர்மானின் முடி விழுவது எல்லாம் சாதாரண மனிதர்களின் வேகத்தில்தான் இருக்கின்றன. விரல்களும் டிரம்ஸ் குச்சிகளும் மட்டும்தான் பறக்கின்றன.

நிகழ்ச்சியின் பெயர் ‘தி மிட்நைட் ஸ்பெஷல்’. என்பிசி தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு வந்தது. 1973 அக்டோபர் 5 ஒளிபரப்பில் தொகுத்து வழங்கியவர் பாடகி கிளாடிஸ் நைட். மற்ற பல நிகழ்ச்சிகளில் குழுக்கள் இசைத்தட்டுக்கு வாயசைத்துவிட்டுப் போகும். இங்கே பெரும்பாலும் நிஜமாகவே வாசிக்க வைத்தார்கள், இந்த நிகழ்ச்சிக்கு நல்ல பெயர் கிடைத்ததே அதனால்தான். இசைத்தட்டில் இந்தப் பாட்டு 6 நிமிடம் 42 விநாடி ஓடும். தொலைக்காட்சியில் அவ்வளவு நேரம் யாரும் தரமாட்டார்கள், அதனால் வேகத்தைக் கூட்டினார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். அதே ஆண்டு மே மாதம் லண்டன் ரெயின்போ அரங்கில் பதிவான வடிவத்தைக் கேட்டால், நேரக் கட்டுப்பாடு இல்லாத அந்த மேடையிலும் இசைத்தட்டைவிட வேகமாகத்தான் போகிறார்கள். ஒரே பாட்டை ஊர் ஊராக ஒரு வருடம் வாசித்தால் வேகம் தானாக ஏறிவிடும். எந்தக் குழுவில் வாசித்தவரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தப் பாட்டு பிறந்த விதம் தெரிந்தால் காணொளியைப் பார்க்கிற கண் மாறும். நெதர்லாந்தின் பார்ன் என்ற ஊரில் ஹ்ரூனவெல்ட் என்றொரு பழைய மாளிகை. குழு அங்கே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. யான் அக்கர்மான் கிட்டாரில் அந்த ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரத்தொடரை, தொடங்கினார். பியர் வான் டெர் லிண்டன் இடையில் இரண்டு ‘பார்’ (தாளச் சுற்று) அளவுக்கு டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டிவிட்டு நிறுத்தினார். அடுத்து யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். ஆர்கனில் இருந்த தைஸ் வான் லேர் அதற்கு முன் யோடல் பாடியதே இல்லை. திடீரென்று தொண்டையிலிருந்து ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்களின் அந்தக் குரல் வந்துவிட்டது. நெதர்லாந்தில் மலையே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டால் குறும்பு முழுமையாகும்.

பாட்டின் கட்டமைப்பு இப்படித்தான் உருவானது. கிட்டார் ரிஃப் பல்லவிபோல் திரும்பித் திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் அதன் நடுவே வேறொரு விஷயம்: யோடல், புல்லாங்குழல், சீட்டி, அக்கார்டியன், அர்த்தமில்லாத சொற்களை உளறும் கீச்சுக்குரல். மேற்கத்திய செவ்வியல் இசையில் இதற்கு ரோண்டோ என்று பெயர். வான் லேர் முறையாக இசை படித்தவர், அவருடைய தந்தையும் புல்லாங்குழல் கலைஞர். வேடிக்கையாகத் தெரிகிற பாட்டின் எலும்புக்கூடு 18-ஆம் நூற்றாண்டுடையது. மேடையில் இதனால் ஒரு வசதி கிடைக்கிறது: நேரம் குறைவென்றால் ஒரு கண்ணியைக் கழற்றிவிடலாம், அதிகமென்றால் ஒன்றைக் கோக்கலாம். ரெயின்போ பதிவில் வான் லேர் குழுவினரை அறிமுகப்படுத்துவதைக்கூட இந்தப் பாட்டுக்குள்ளேயே தாளம் தப்பாமல் செய்துவிடுகிறார்.

ஆனால் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. இந்த ஒரு காணொளியால்தான் உலகம் ஃபோகஸை நினைவில் வைத்திருக்கிறது, இதே காணொளியால்தான் அவர்களைத் தவறாகவும் நினைவில் வைத்திருக்கிறது. 2010 கால்பந்து உலகக் கோப்பையை ஒட்டி நைக் வெளியிட்ட விளம்பரத்தில் இந்தப் பாட்டு வந்தது, 2017-ல் ஒரு ஆங்கிலப் படத்தின் துரத்தல் காட்சியிலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிலர் வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். மெதுவான ஃபோகஸை அவர்கள் பார்ப்பதில்லை. இந்தக் குழுவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு 1972 டிசம்பருக்குப் போக வேண்டும். பிபிசி 2-ல் ‘தி ஓல்ட் கிரே விஸில் டெஸ்ட்’ என்ற நிகழ்ச்சி, தொகுப்பாளர் பாப் ஹாரிஸ். பார்வையாளர்கள் கிடையாது, அலங்கார விளக்குகள் கிடையாது. தட்பவெப்ப அறிவிப்புக்கும் நிகழ்ச்சி அறிவிப்புக்கும் கட்டிய மாதிரி ஒரு சின்ன ஸ்டுடியோ. அதற்குள் நாலு பேர் நெருக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள். கைதட்டல் இல்லாத அந்த மௌனமே காணொளிக்கு அழகு. ‘ஹோகஸ் போகஸ்’ இங்கேயும் உண்டு. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது ‘சில்வியா’.

அந்த மெட்டுக்கு ஒரு கதை உண்டு. வான் லேர் 1960-களின் இறுதியில் ராம்சஸ் ஷாஃபி என்ற புகழ்பெற்ற டச்சுப் பாடகரின் நாடகக் குழுவில் இருந்தார். அங்கே சில்வியா ஆல்பர்ட்ஸ் என்ற பாடகிக்காக வார்த்தைகளோடு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை, பாடவே இல்லை. சில வருடம் கழித்து வார்த்தைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மெட்டை அக்கர்மானின் கிட்டாரிடம் கொடுத்தார், பெயரில் மட்டும் சில்வியாவை வைத்துக்கொண்டார். 1973 தொடக்கத்தில் அது பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. அதே வாரங்களில் ‘ஹோகஸ் போகஸ்’ 20-ஆம் இடம். வார்த்தைகளை நம்பாத இரண்டு பாட்டுகள் ஒரே நேரத்தில் அந்தப் பட்டியலில் ஏறுவது சாதாரணமில்லை. அந்த பிபிசி இரவுதான் கதவைத் திறந்தது. அதே ஆண்டு ‘ஹோகஸ் போகஸ்’ அமெரிக்காவில் 9-ஆம் இடத்தைத் தொட்டது. ‘மெலடி மேக்கர்’ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அக்கர்மானை உலகின் சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

‘சில்வியா’வைப் பார்க்கும்போது அக்கர்மானின் வலது கையைக் கவனியுங்கள். ஃபோகஸின் மெதுவான இசையில் கிட்டார் சில இடங்களில் வயலின்போல் கேட்கும். தந்தியை மீட்டும்போது வருமே ஒரு ‘டிங்’, அது கேட்காது. ஒலியளவைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு மீட்டி, மீட்டிய பிறகு ஒலியை மெல்லத் திறப்பதால் வருவது அது. கிட்டாரில் இருக்கும் குமிழைச் சுண்டுவிரலால் திருப்பலாம், காலடிப் பெடலாலும் செய்யலாம். இசைத்தட்டில் இதைக் கேட்கத்தான் முடியும், படத்தில்தான் எவ்வளவு சின்ன அசைவு என்று தெரியும். வான் லேர் பக்கம் பார்த்தால் ஹாமண்ட் ஆர்கன். அதன் ஒலி லெஸ்லி என்ற பெட்டி வழியாக வருகிறது, உள்ளே ஒலிக்குழலே மின்விசிறிபோல் சுழலும். மெதுவாகச் சுழன்றால் கோயில் மாதிரி, வேகமாகச் சுழன்றால் அலைபாயும். ஒரு நீண்ட சுரத்தின் நடுவே ஆர்கன் திடீரென்று சிலிர்ப்பது அந்த வேக மாற்றம்தான்.

அக்கர்மான் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தையும் கற்றவர். அதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய ராக் தனி வாசிப்பைக் கேட்டால் வேறாகத் தெரியும். ப்ளூஸ் இசையிலேயே ஊறிய ஆங்கிலேய கிட்டார் கலைஞர்கள் போகாத சந்துகளுக்குள் எல்லாம் இவர் போய் வருவார். (என் கருத்தில் அவரை எரிக் கிளாப்டனோடு ஒப்பிட்டு அந்தக் காலத்தில் எழுதியதெல்லாம் வீண்வேலை. இரண்டு பேரும் வேறு வேறு மொழி பேசுகிறவர்கள்.)

அடுத்து ரெயின்போ. வடக்கு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் 1930-ல் சினிமா அரங்காகத் திறந்து, 1971-லிருந்து ராக் அரங்காக இருந்த இடம். 1973 மே 5-ல் அங்கே பதிவானதுதான் ‘அட் தி ரெயின்போ’. உண்மையில் அந்த வருடம் ஒரு புதிய ஸ்டுடியோ ஆல்பம் வர வேண்டியது. சிப்பிங் நார்ட்டனில் பதிவைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்கள், அதற்குப் பதிலாகத்தான் மேடைப் பதிவு வெளியானது. கைவிட்ட சரக்கு 1976-ல் ‘ஷிப் ஆஃப் மெமரிஸ்’ தொகுப்பில் வந்தது. ஒட்டுவேலையாக வந்த ஆல்பமே குழுவின் சிறந்த ஆவணமாக அமைந்துவிட்டது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ‘ஃபோகஸ் III’-இல் தொடங்கி, அது ‘ஆன்சர்ஸ்? குவெஸ்சன்ஸ்!’ பாட்டாக மாறும் இடம், பிறகு ‘ஃபோகஸ் II’, பிறகு ‘எரப்ஷன்’-இன் ஒரு பகுதி.

‘எரப்ஷன்’ 1971 ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க, 23 நிமிடம். இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன ஆர்ஃபியஸின் கிரேக்கக் கதை. இத்தாலியின் ஆதி ஆபரா (இசை நாடகம்) ஒன்றின் சாயலும் அதில் உண்டு. நடுவே வரும் ‘டாமி’ என்ற உருக்கமான பகுதி ‘சொல்யூஷன்’ என்ற இன்னொரு டச்சுக் குழுவிடமிருந்து வந்தது. மேடையில் இதைச் சுருக்கித்தான் வாசிப்பார்கள். சுருக்கும்போது எதை விடுகிறார்கள், எதை விட மனம் வரவில்லை என்று பார்ப்பது சுவாரசியம். பெரும்பாலும் ‘டாமி’ தப்பிவிடும்.

அந்த 1971 ஆல்பத்தின் பெயர் ‘மூவிங் வேவ்ஸ்’. பெயர் தந்த பாட்டில் வான் லேர் பியானோவோடு பாடும் வரிகள் ஹஸ்ரத் இனாயத் கானுடையவை. பரோடாவில் 1882-ல் பிறந்த வீணைக் கலைஞர், சூஃபி ஆசிரியர், ஐரோப்பா போய் நெதர்லாந்திலும் பல சீடர்களைப் பெற்றவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ் மைசூர் அரண்மனையில் மதிக்கப்பட்டவர், கர்நாடக இசையும் கற்றவர். டச்சு ராக் ஆல்பம் ஒன்றின் நடுவில் இப்படி ஒரு நூல் ஓடுவதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பழைய காணொளிகளைத் தேடும்போது இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள்.

ஒன்று, வாயசைப்பு. 1970-களின் ஐரோப்பியத் தொலைக்காட்சியில் பாதிக்கு மேல் இசைத்தட்டை ஓடவிட்டு வாசிப்பதுபோல் நடிப்பதுதான். நெதர்லாந்தின் ‘டாப்பாப்’ நிகழ்ச்சி இதற்குப் பெயர் போனது. கண்டுபிடிப்பது எளிது: கிட்டாரிலிருந்து கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள், டிரம்ஸைச் சுற்றி மைக் இருக்கிறதா என்று பாருங்கள், கடைசியில் பாட்டு முடிகிறதா அல்லது மெல்லத் தேய்கிறதா என்று பாருங்கள். மேடையில் எந்தக் குழுவும் தேய்ந்து மறையாது. அப்படிப்பட்ட காணொளிகளை ஆடைகளுக்காகவும் முகங்களுக்காகவும் வேண்டுமானால் பார்க்கலாம், வாசிப்பைப் பற்றி எதுவும் தெரியவராது.

இன்னொன்று, சுருதிச் சிக்கல். விநாடிக்கு 24 பிரேம் படச்சுருளில் எடுத்ததை ஐரோப்பியத் தொலைக்காட்சியின் 25 பிரேமுக்கு அப்படியே ஓட்டினால் எல்லாம் 4 சதவீதம் வேகமாகும், சுருதியும் ஒரு அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். கூடவே வாசித்துப் பழக முயன்று, உங்கள் கிட்டார் சுருதி விலகிவிட்டதோ என்று குழம்பினால் காரணம் இதுவாக இருக்கலாம். நானே ஒரு மாலை முழுக்கத் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ‘மிட்நைட் ஸ்பெஷல்’ அமெரிக்க வீடியோவில் எடுத்தது, அதில் இந்தத் தொல்லை கிடையாது.

ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்றும் தோன்றலாம். அன்றைய வீடியோ நாடா விலை அதிகம், நிலையங்கள் அழித்து அழித்துப் பயன்படுத்தின. பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் அந்த ஆண்டுகளின் பல பகுதிகள் அப்படித்தான் போய்விட்டன.

சரி, கடைசிக் கேள்வி. பழைய ஃபோகஸ்தானா?

கொஞ்சம் வரலாறு வேண்டும். குழு 1969-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. ‘ஹேர்’ இசை நாடகத்தின் டச்சு மேடையேற்றத்துக்குப் பின்னணி வாசித்தவர்கள் இவர்கள். நீங்கள் பார்த்த காணொளியில் இருப்பது வான் லேர், அக்கர்மான், பேஸ் கிட்டாரில் பெர்ட் ரௌட்டர், டிரம்ஸில் வான் டெர் லிண்டன். அந்த ஒளிபரப்பு வந்த மாதத்திலேயே வான் டெர் லிண்டன் விலகிவிட்டார். ஜாஸ் வழியில் வந்தவர், ஒரே மாதிரி வாசிப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. இது தெரிந்த பிறகு அந்தக் காணொளியில் அவர் முகத்தைப் பார்த்தால், ஒவ்வொரு இரண்டு பார் இடைவெளியையும் வேறு வேறு மாதிரி நிரப்பியே தீருவேன் என்ற பிடிவாதம் தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றும். 1974-ல் வந்த ‘ஹாம்பர்கர் கான்செர்ட்டோ’வில் டிரம்ஸ் காலின் ஆலன். 1976-ல் அக்கர்மானும் போனார், அவர் இடத்துக்கு பெல்ஜிய ஜாஸ் கலைஞர் ஃபிலிப் கேத்தரின் வந்தார். 1978-ல் கடை மூடியாயிற்று. 1990-ல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பழைய நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தப் பதிவு கண்ணில் பட்டால் விடாதீர்கள். நாலு பேருக்கும் நடுவயது, பழைய வேகம் இல்லை, ஆனால் ஒருவரையொருவர் கேட்கும் காது அப்படியே இருக்கிறது.

2002-ல் வான் லேர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். 2004-ல் வான் டெர் லிண்டன் திரும்பி வந்தார். அப்புறம் கிட்டாருக்கு மென்னோ கோட்யெஸ், 2016-லிருந்து பேஸில் உடோ பன்னகேட். அக்கர்மான் சேரவில்லை, தன் சொந்தக் குழுவோடு வாசிக்கிறார், அதில் பழைய ஃபோகஸ் மெட்டுகளும் வரும். ரௌட்டர் 2022-ல் காலமானார். ஆக, அந்தக் காணொளியின் நால்வரில் இருவர் இந்தப் புதிய ஃபோகஸில் வாசித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது ஃபோகஸ்தான். முதல் ஆல்பத்திலிருந்து வழக்கமாகக் குழுவின் பெயரிலேயே எண் போட்டு ஒரு மெதுவான மெட்டு வரும்: ‘ஃபோகஸ்’, ‘ஃபோகஸ் II’, ‘ஃபோகஸ் III’ என்று. அந்த எண்ணிக்கை இன்றும் தொடர்கிறது. அதை எழுதுகிற கை மாறவில்லை.

இந்தக் காலத்துக்குப் பார்க்க வேண்டியது ‘ஃபோகஸ் 50: லைவ் இன் ரியோ’. 2017-ல் பிரேசிலில் எடுத்து 2021-ல் ப்ளூ-ரேயோடு வெளியிட்டார்கள். கேமரா நிதானமானது, ஒலி சுத்தம், முழு நிகழ்ச்சி. கைபேசியில் ரசிகர்கள் எடுத்தவற்றை நான் அதிகம் சிபாரிசு செய்யமாட்டேன். பேஸ் காணாமல் போய்விடும், ஆர்கன் இரைச்சலாகிவிடும். ரியோ பதிவின்போது வான் லேருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. யோடல் 1973-ன் உயரத்துக்குப் போவதில்லை. அதைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, ஏனென்றால் மெதுவான மெட்டுகளில் ஆர்கன் இப்போது இன்னும் அவசரமில்லாமல் மூச்சு விடுகிறது.

வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன். இன்றைக்கு 1972-ன் ‘சில்வியா’. நாளை ரெயின்போ ஆல்பம், படம் இல்லாமல். வார இறுதியில் நேரமிருந்தால் ரியோ. அதற்கப்புறம் நீங்கள் தொடங்கிய அதே காணொளிக்குத் திரும்பி வாருங்கள். இந்தத் தடவை யோடலையும் கிட்டாரையும் விட்டுவிட்டு ரௌட்டரை மட்டும் தேடுங்கள். கேமரா அவரிடம் அதிகம் போகாது. மற்ற மூவரும் தலைகீழாக நிற்கும்போது, அவர் மட்டும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டு ஒரு சுரம்கூடப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருப்பார்.